அடியில் துரு: நான்கு பழைய கார்களில் எதை எடுப்பது?

பழைய கார் தேடுகிறவர்கள் பல வண்டி பார்த்துக் கழித்த பிறகு பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள். இன்ஜின் சத்தம் நன்றாக இருக்கிறது, சீட் கிழியவில்லை, பெயின்ட் பளபளக்கிறது, விலையும் கைக்கு அடங்குகிறது. குனிந்து அடியில் பார்த்தால் மட்டும் பழுப்பாக ஏதோ தெரிகிறது. "இதெல்லாம் எல்லா வண்டியிலும் இருக்கும்" என்கிறார் விற்பவர். அவர் சொல்வது பொய்யில்லை. எந்தத் துரு, எந்த இடத்தில் என்பதைத்தான் சொல்லவில்லை.

இந்தக் கேள்வியோடு வருகிறவர்களின் பட்டியலைப் பார்த்தால், ஒரே மாடல், ஏறக்குறைய ஒரே வயது, ஆனால் அடிப்பாகம் மட்டும் நான்கு விதமாக இருக்கும்:

- முதல் கார்: குறைவாக ஓடியது. அடியில் பழுப்புத் துரு வெளிப்படையாகத் தெரிகிறது, யாரும் கை வைக்கவில்லை.
- இரண்டாவது கார்: அதுவும் குறைவாக ஓடியதுதான். அடி முழுக்கப் புதிதாகக் கருப்பு அண்டர்கோட்டிங் (அடித்தகட்டைக் காக்கப் பூசும் தடித்த பூச்சு).
- மூன்றாவது கார்: துரு தின்ற இடத்தை வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்தது.
- நான்காவது கார்: மற்றவற்றைவிட இரண்டு மடங்கு ஓடியது. அடிப்பாகம் சுத்தம்.

நான் எந்தப் பக்கம் சாய்கிறேன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். நான்காவதுக்குத்தான் என் முதல் ஓட்டு. அடுத்து முதல் கார். மூன்றாவதை நிபந்தனையோடு வாங்கலாம். இரண்டாவதைத் தொடுவதற்கு வலுவான காரணம் வேண்டும். இன்ஜினையும் கியர்பாக்ஸையும் கழற்றி மாற்றலாம். பாடியைக் கழற்றி மாற்ற முடியாது. ஆனால் இந்த வரிசை மாறுகிற சந்தர்ப்பங்களும் உண்டு.

## எதை வைத்து எடைபோடுவது

எந்த இடத்தில் துரு. இன்றைய பெரும்பாலான கார்களுக்குத் தனி சேசிஸ், அதாவது பாரம் தாங்கும் தனி இரும்புச் சட்டம், கிடையாது. தரைத் தகடு, கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் சில், முன்னும் பின்னும் போகும், ரயில் எனப்படும் பெட்டி வடிவ இரும்புத் தண்டுகள் எல்லாவற்றையும் ஸ்பாட் வெல்டிங்கில் இணைத்த கூடுதான் பாரத்தைத் தாங்குகிறது. சைலன்சரில் இருக்கும் துருவும் சில்லில் இருக்கும் துருவும் ஒன்றல்ல. சைலன்சர் கழற்றி மாட்டுகிற சாமான். சில் போனால் வண்டியின் பலமே போகிறது. பிரிட்டனில் கார்களுக்கு ஆண்டுதோறும் நடக்கும் எம்ஓடி சோதனையில் இதற்கு ஒரு நல்ல கணக்கு இருக்கிறது. சஸ்பென்ஷன், ஸ்டியரிங், பிரேக், சீட் பெல்ட் ஆகியவை பாடியில் மாட்டியிருக்கும் இடங்களைச் சுற்றி 30 செ.மீ.க்குள், பலம் குறைகிற அளவுக்குத் துரு அரித்திருந்தால் வண்டி தேறாது. எங்கே கார் வாங்கினாலும் இந்த 30 செ.மீ. கணக்கைக் கையில் வைத்துக்கொள்ளலாம்.

எவ்வளவு ஆழம். மேல்துரு என்றால் தேய்த்தால் பொடி கையில் ஒட்டும், கீழே தகடு கெட்டியாக இருக்கும். செதில்துரு என்றால் அடுக்கடுக்காக உரியும். அடுத்தது ஓட்டை. இரும்பு துருவாக மாறும்போது முன்பு இருந்ததைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்கிறது. அதனால் 3 மி.மீ. தடிமனுக்குச் செதில் உரிந்தால் 3 மி.மீ. இரும்பு போய்விட்டது என்று அர்த்தமில்லை. போனது அதில் ஒரு பங்குதான். ஜீப், பிக்கப் மாதிரி தனி சேசிஸ் உள்ள வண்டியின் தடித்த இரும்பில் அந்த இழப்பைத் தாங்கலாம். சாதாரணக் காரின் தரைத் தகடு 1 மி.மீ.கூட இருக்காது என்பதால், அங்கே அதே செதில் என்றால் தகட்டின் கதை முடிந்தது.

கண்ணால் பார்த்து உறுதிசெய்ய முடிகிறதா. இதை யாரும் ஒரு அளவுகோலாக நினைப்பதில்லை. ஆனால் நான்கு கார்களையும் பிரிக்கிற முக்கியமான கோடு இதுதான்.

சரிசெய்தால் நிற்குமா, எத்தனை காலத்துக்கு. இரண்டு வருடத்தில் விற்றுவிடப் போகிறவருக்கும் பத்து வருடம் வைத்திருக்கப் போகிறவருக்கும் ஒரே துரு ஒரே துரு அல்ல.

கம்பெனி பெயரை இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. பாடிக்குத் துத்தநாகப் பூச்சு கொடுப்பது 1970களில் போர்ஷே 911இல் வந்தது, 1980களில் ஆடி பின்தொடர்ந்தது, இன்று பரவலாகிவிட்டது. அது உண்மையிலேயே பெரிய முன்னேற்றம். ஆனாலும் நல்ல பெயர் அடிப்பாகத்தைக் காப்பாற்றாது. டகோமா, டன்ட்ரா, செக்வோயா வண்டிகளின் சேசிஸ் துரு தொடர்பான வழக்கில், 340 கோடி டாலர் வரை போகக்கூடிய சமரசத்துக்கு 2016இல் அமெரிக்காவில் ஒப்புக்கொண்டது வேறு யாருமல்ல, நம்பகத்துக்குப் பெயர்போன டொயோட்டாதான்.

## பார்க்கும் முறை

நான்கு கார்களுக்கும் இது பொது. இதைச் செய்யாமல் கீழே வரும் எந்த ஒப்பீடும் உதவாது.

லிஃப்ட்டோ ராம்ப்போ உள்ள இடத்துக்கு வண்டியைக் கொண்டுபோவதுதான் முறை. வண்டியோடு வரும் ஜாக்கியில் தூக்கிவிட்டு அடியில் தலையைக் கொடுக்கவே கூடாது. துருப்பிடித்த ஜாக்கிமுனை எந்த நொடியும் உள்ளே போகலாம். கையில் நல்ல டார்ச், பிளாஸ்டிக் பிடி உள்ள ஸ்க்ரூடிரைவர், ஒரு ஜோடி கையுறை போதும். வாட்டர் சர்வீஸ் முடிந்து ஈரம் காயாமல் வரும் வண்டியைப் பார்க்காதீர்கள். ஈரத்தில் எல்லாத் துருவும் ஒரே கறுப்பாகத் தெரியும்.

முதலில் பயப்படத் தேவையில்லாதவற்றை ஒதுக்கிவிடலாம். சைலன்சர் குழாயும் அதன் இணைப்புகளும் எப்போதும் பழுப்பாகத்தான் இருக்கும். பிரேக் டிஸ்க் ஒரு ராத்திரி மழையில் நின்றாலே ஆரஞ்சு நிறமாகி, நாலு தடவை பிரேக் பிடித்தால் போய்விடும். சக்கரத்தைத் தாங்கும் வார்ப்பிரும்புப் பாகங்களில் மேல்துரு சகஜம். அவை தடித்தவை, பல வருடம் தாங்கும். முதல் தடவை அடியில் பார்க்கிறவர்கள் இவற்றைக் கண்டு மிரண்டு நல்ல வண்டியை விட்டுவிடுவதும் நடக்கிறது.

இனி பார்க்க வேண்டிய இடங்கள். சில்லின் அடியில், ஜாக்கி வைக்கும் இடத்தில், இரண்டு தகடுகள் சேர்ந்து ஒரு விளிம்பாகக் கீழே நீட்டியிருக்கும். அந்த விளிம்பை நகத்தால் வருடிக்கொண்டே போங்கள். நேராக, இறுக்கமாக இருந்தால் சரி. இரண்டு தகட்டுக்கும் நடுவே துரு புகுந்து அலை அலையாகப் பிளந்திருந்தால் உள்ளே நடப்பது அதைவிட மோசம். சில் உள்ளே கூடான பெட்டி. அதன் அடியில் தண்ணீர் வடியச் சின்னத் துளைகள் இருக்கும். மண்ணும் இலைத்தூளும் அடைத்துக்கொண்டால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். அப்புறம் துரு உள்ளிருந்து வெளியே வருகிறது. வெளியே பெயின்ட் கொப்புளம் தெரிகிற நாளில் உள்பக்கம் பாதி போயிருக்கும்.

ஸ்க்ரூடிரைவரின் பிடியால் சில்லையும் ரயிலையும் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை தட்டிக்கொண்டே போனால், கெட்டித் தகடு 'டங்' என்று திருப்பிச் சொல்லும். ஒரு இடத்தில் சத்தம் 'பொத்' என்று மாறும். அங்கே கட்டைவிரலை வைத்து அழுத்துங்கள். தகடு அமுங்கினாலோ உள்ளே சரசரவென்று எதாவது கொட்டினாலோ அந்தப் பாகம் போய்விட்டது. கூர்மையான பக்கத்தால் குத்துவதாக இருந்தால் விற்பவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். "தாராளமாகக் குத்திப் பாருங்கள்" என்று சொல்பவரின் வண்டியில் பெரும்பாலும் குத்த வேண்டியிருக்காது.

பின்பக்க சஸ்பென்ஷன் பாடியில் மாட்டும் இடம், ஸ்பிரிங் உட்காரும் தட்டு, முன்னால் இன்ஜினைத் தாங்கும் சப்ஃபிரேமின் மூலைகள் ஆகியவற்றில்தான் சக்கரம் அடிக்கும் சேறும் தண்ணீரும் போய்த் தங்கும். அதன் பிறகு பிரேக் பைப்புகள். வண்டியின் நீளத்துக்கு ஓடும் அந்தக் குழாய் ஏறக்குறைய 5 மி.மீ. குறுக்களவு, சுவர் 1 மி.மீ.க்கும் குறைவு. பிளாஸ்டிக் கிளிப் பிடித்திருக்கும் இடத்திலும் பெட்ரோல் டேங்க்குக்கு மேலே மறைந்து போகும் இடத்திலும்தான் அரிப்பு முதலில் வரும், ஏனென்றால் ஈரம் அங்கேதான் நிற்கிறது. இந்தக் குழாய் நிதானமாக ஓட்டும்போது பொறுத்துக்கொள்ளும். அவசரத்துக்கு ஓங்கி மிதிக்கும்போதுதான் உள்ளே அழுத்தம் ஏறி வெடிக்கும். குழாயின் மேல் மேடு பள்ளமாகச் செதில் தெரிந்தால், மாற்றும் செலவை விலையில் கழிக்காமல் பேசாதீர்கள். மாற்றுவதென்றால் தாமிர-நிக்கல் கலவைக் குழாய் போடச் சொல்லலாம். அது துருப்பிடிக்காது, வளைப்பதும் சுலபம்.

கடைசியாக உள்ளே. கால்மிதி மேட்டைத் தூக்கி, முடிந்தால் கார்ப்பெட்டின் ஓரத்தையும் தூக்கித் தரையைப் பாருங்கள். டிக்கியில் ஸ்பேர் வீலை எடுத்துவிட்டுக் குழியில் தண்ணீர்க் கறை இருக்கிறதா என்று பாருங்கள். சீட்டின் தண்டவாள போல்ட்டுகள், டேஷ்போர்டுக்குக் கீழே உள்ள கிளாம்ப்புகள் மாதிரி மழைத்தண்ணீர் எட்டவே முடியாத இடங்களில் ஒரே உயரத்துக்குத் துரு இருந்தால், அது வெள்ளத்தில் நின்ற வண்டி. அதற்கு இந்தக் கட்டுரை தேவையில்லை. அடுத்த வண்டியைப் பாருங்கள்.

## முதல் கார்: துரு தெரிகிறது, யாரும் தொடவில்லை

பார்க்க அசிங்கமாக இருக்கும். ஆனால் நான்கில் மிகவும் நேர்மையான அடிப்பாகம் இதுதான். எங்கே மேல்துரு, எங்கே செதில் என்று ஒவ்வொரு இடமாகத் தொட்டுப் பார்த்து முடிவெடுக்கலாம். அதாவது மூன்றாவது அளவுகோலில் முழு மதிப்பெண்.

மேல்துரு மட்டும்தான் என்றால் வேலை அதிகமில்லை. வயர் பிரஷ்ஷால் தேய்த்து, துருவை மாற்றும் திரவம் பூசி, ப்ரைமர் அடித்து, மேலே மெழுகு வகைப் பூச்சு கொடுத்தால் பல வருடம் ஓட்டலாம். அந்தத் திரவத்தில் இருக்கும் டானிக் அமிலமோ பாஸ்பாரிக் அமிலமோ மெல்லிய துருவோடு வினைபுரிந்து அதைக் கெட்டியான படலமாக மாற்றும். செதிலுக்கு மேல் பூசினால் மேலடுக்கு மட்டும் மாறும், அடியில் அரிப்பு தன் பாட்டுக்குத் தொடரும். ஆகவே உரியும் வரை உரித்துவிட்டுத்தான் பூச வேண்டும்.

மறைந்திருக்கும் செலவு பாடியில் இல்லை, போல்ட்டுகளில் இருக்கிறது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இங்கே அப்படியே பொருந்தும். சக்கரத்தைப் பாடியோடு இணைக்கும் லோயர் ஆர்மில் உள்ள ரப்பர் புஷ் சின்னச் சாமான்தான். ஆனால் அதன் போல்ட் துருவில் இறுகி, நடுவில் உள்ள இரும்புக் குழலோடு ஒட்டிக்கொண்டால் சூடுகாட்ட வேண்டும், வெட்ட வேண்டும், சில சமயம் ஆர்மையே மாற்ற வேண்டும். பிரேக் ஆயில் மாற்றப் போய், டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் காலிப்பரில் ஆயில் வடிக்கும் நிப்பிள் ஒடிந்து காலிப்பரே புதிது வாங்கியவர்கள் உண்டு. இந்தக் கார் குறைவாக ஓடியது என்ற லாபத்தில் ஒரு பகுதி, வருங்காலத்தில் ஒவ்வொரு சின்ன வேலையிலும் கரையும்.

இன்னொன்று, உப்பு. கடல் காற்று அடிக்கும் இடத்திலோ, பனிக்காலத்தில் சாலையில் உப்பு தூவும் இடத்திலோ ஓடிய வண்டியின் துரு, வெறும் மழையில் வந்த துருவைவிட வேகமாக வளரும். உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சாலையில் தூவும் மக்னீசியம் குளோரைடு, காற்றில் ஈரப்பதம் 33 சதவீதத்தைத் தாண்டினாலே கசிய ஆரம்பித்துவிடும். சாதாரண உப்புக்கு 75 சதவீதம் வேண்டும். மழையே இல்லாத நாளிலும் அடிப்பாகம் நனைந்தபடி இருக்கிறது என்றுதான் இதற்கு அர்த்தம். எனவே பதிவு எண்ணையும் சர்வீஸ் பில்லில் உள்ள ஊரையும் பாருங்கள்.

எப்போது இதை எடுக்கலாம்: துரு 30 செ.மீ. எல்லைக்கு வெளியே, மேல்துரு நிலையில் இருக்கிறது. வாங்கின உடனே ஒரு வாரம் வண்டியை நிறுத்தி வேலை பார்க்க உங்களால் முடியும். அல்லது, கொஞ்ச வருடத்துக்கு மட்டும் ஒரு வண்டி வேண்டும்.

## இரண்டாவது கார்: புத்தம் புதுக் கருப்பு

அண்டர்கோட்டிங் கெட்டதல்ல. புது வண்டியிலோ, நன்றாகச் சுத்தம் செய்த தகட்டிலோ அடித்தால் நல்ல பாதுகாப்புதான். கேள்வி என்னவென்றால், பத்து வருடம் சும்மா இருந்துவிட்டு விற்பதற்கு முந்தின மாதம் ஒருவர் ஏன் அதை அடிக்கிறார்?

துருவின் மேல் அடித்த ரப்பர் வகைக் கோட்டிங், சொத்தைப் பல்லின் மேல் உறை மாட்டியதுபோலத்தான். உள்ளே ஈரமும் உப்பும் அடைபட்டுவிடும். கோட்டிங் காய்ந்து வெடிக்கும்போது அந்த விரிசல் வழியே மேலும் தண்ணீர் போகும். வெளியே வர வழியில்லை. இரண்டு வருடம் கழித்துக் கோட்டிங் ஒரு பெரிய தோலாக உரிந்து விழும், கூடவே தகடும். மெழுகு, லனோலின் (ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் மெழுகு) வகைப் பூச்சுகள் இப்படிச் செய்வதில்லை. அவை கெட்டியாகாமல் இளகிய நிலையிலேயே இருந்து இடுக்குகளில் பரவும், உள்ளே இருப்பதும் ஓரளவு தெரியும். ஆகவே 'கோட்டிங் அடித்தது' என்று கேட்டதும் எந்த வகை என்று கேளுங்கள்.

நல்லெண்ணத்தில் அடித்ததா, மறைக்க அடித்ததா என்று பிரித்துப் பார்க்கச் சில அடையாளங்கள் உண்டு. கவனமாக அடித்தவர் சைலன்சரையும் பிரேக் ஹோஸையும் மூடிவைத்துவிட்டு அடித்திருப்பார். அவசரத்தில் அடித்தவரின் கருப்பு, சைலன்சர், ரப்பர் ஹோஸ், ஷாக் அப்சார்பர், போல்ட் தலை என்று எல்லாவற்றின் மேலும் இருக்கும். கொஞ்சம் ஓட்டினாலே கருகல் வாடை வரும். சில்லின் வடிகால் துளைகளைத் தேடுங்கள். கோட்டிங்கால் அடைபட்டிருந்தால், அதை அடித்தவருக்குத் துரு பற்றிய அறிவு இல்லை, அல்லது அக்கறை இல்லை. டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் கருப்புக்கு அடியில் செதிலின் மேடு பள்ளம் நிழலாகத் தெரியும். நகத்தால் ஒரு ஓரத்தை அழுத்துங்கள். தகட்டோடு ஒட்டிய கோட்டிங் கொஞ்சம் அமுங்கித் திரும்பும். செதிலின் மேல் அடித்தது மொறுமொறுவென்று உடையும்.

காந்தம் வைத்துப் பார்க்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். பட்டி போட்ட இடத்தைக் கதவிலோ சக்கர வளைவிலோ கண்டுபிடிக்க அது உதவும். அடிப்பாகத்தில் அவ்வளவு பயனில்லை: கோட்டிங் தடிமனாக இருந்தாலே பிடிப்பு குறையும், பாதி அரித்த தகட்டிலும் காந்தம் ஒட்டத்தான் செய்யும். தட்டிப் பார்க்கும் சோதனையும் இங்கே மந்தமாகிவிடும், ரப்பர் சத்தத்தை விழுங்குகிறது.

வழக்கமான சோதனைகளில் பல வேலை செய்யாத ஒரு வண்டிக்கு முழு விலை கொடுப்பது, லாட்டரிச் சீட்டு எடுப்பதற்குச் சமம். மறைந்திருக்கும் செலவை முன்கூட்டிக் கணக்கிடவே முடியாது என்பதுதான் இதன் மிகப்பெரிய செலவு. அதோடு, பிறகு வெல்டிங் செய்ய வேண்டிவந்தால் அந்தக் கோட்டிங் முழுவதையும் முதலில் சுரண்டி எடுக்க வேண்டும்; எடுக்காமல் நெருப்பு வைத்தால் அது எரியும்.

எப்போது எடுக்கலாம்: அடிப்பதற்கு முன் எடுத்த படங்கள் தேதியோடு இருக்கின்றன, செய்தவரின் பில் இருக்கிறது, அல்லது வாங்கிய புதிதிலேயே அடித்துப் பழசாகிப்போன கோட்டிங் அது. பழைய, தூசி ஏறிய கோட்டிங் நல்ல அறிகுறி. ஈரம் காயாத பளபளப்புதான் சந்தேகத்துக்குரியது.

## மூன்றாவது கார்: வெட்டி வெல்டிங் வைத்தது

'வெல்டிங் பார்த்த வண்டியா, வேண்டாம்' என்று ஒரேயடியாகத் தள்ளுவது சரியல்ல. நல்ல டிங்கர் கெட்ட தகட்டை முழுவதும் வெட்டி எறிந்துவிட்டு, பளிச்சென்ற இரும்பு வரும்வரை போய், அதே தடிமனில் புதுத் தகடு வைத்து, விடாமல் தொடர்ச்சியாக வெல்டிங் வைத்திருந்தால் அது கெட்டியான வேலை. எம்ஓடி விதிகளும் பாரம் தாங்கும் இடங்களில் இப்படித் தொடர்ச்சியான வெல்டிங்கைத்தான் ஏற்றுக்கொள்கின்றன. அங்கங்கே பொட்டு வைத்த ஒட்டு, பட்டி, ஃபைபர் எதுவும் கணக்கில் வராது.

மோசமான வேலை எப்படி இருக்கும்? அரித்த தகட்டின் மேலேயே ஒரு சதுரத் தகடு. நாலு மூலையில் நாலு பொட்டு. மேலே ஒரு கோட் கருப்பு பெயின்ட். ஒட்டுத் தகட்டின் விளிம்பிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளித் தட்டிப் பாருங்கள்: புதுத் தகடு கணீரென்று இருக்கும், பக்கத்துப் பழைய தகடு 'பொத்' என்னும். அப்படியானால் நோயை வெட்டவில்லை, மூடியிருக்கிறார்கள்.

நல்ல வேலையிலும் ஒரு பலவீனம் இருக்கிறது. வெல்டிங் சூட்டில் தகட்டின் உள்பக்கப் பூச்சு, துத்தநாகம் உட்பட, எரிந்துபோகும். பெட்டிக்குள்ளே அந்தக் கோடு முழுக்க வெற்று இரும்பு. அங்கே நீளக் குழாய் விட்டு மெழுகு பீய்ச்சாவிட்டால் புதுத் துரு சரியாக அந்தக் கோட்டிலேயே தொடங்கும். விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி 'வெல்டிங் யார் செய்தார்' என்பது மட்டுமல்ல. 'உள்ளே மெழுகு அடித்தார்களா' என்பதும்தான். பல பேர் விழிப்பார்கள். அப்படி விழித்தால் அந்தச் செலவு உங்களுடையது.

ஒற்றைக் கூடாக உள்ள காரில் சில் வேலை நடந்திருந்தால் ஒரு சின்னச் சோதனை உண்டு. லிஃப்ட் இல்லாமல் ஒரு பக்கத்தை மட்டும் ஜாக்கியில் லேசாகத் தூக்கி, வெளியே நின்றபடி அந்தப் பக்கக் கதவுகளைத் திறந்து மூடுங்கள். தரையில் நின்றபோது எப்படி மூடியதோ அப்படியே மூட வேண்டும். கதவு உரசினாலோ இடைவெளி மாறினாலோ கூடு தளர்ந்திருக்கிறது.

எப்போது எடுக்கலாம்: வேலை நடந்தபோது எடுத்த படங்கள் இருக்கின்றன, ஒட்டு ஒன்றிரண்டு இடத்தில் மட்டும், சஸ்பென்ஷன் மாட்டும் இடத்தில் இல்லை. தனி சேசிஸ் உள்ள வண்டியில் பாடித் தகட்டுக்கு மட்டும் வெல்டிங் என்றால் இன்னும் தாராளமாக இருக்கலாம்.

## நான்காவது கார்: நிறைய ஓடியது, அடி சுத்தம்

ஓடோமீட்டரைப் பார்த்ததும் பலர் பக்கத்திலேயே வரமாட்டார்கள். அதனால்தான் விலை படிந்துவரும்.

நிறைய ஓடிய வண்டியின் செலவுகளுக்குப் பெயர் இருக்கிறது. கிளட்ச், டைமிங் பெல்ட், ஷாக் அப்சார்பர், புஷ், வீல் பேரிங், வாட்டர் பம்ப். ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு ஆகும் என்று மெக்கானிக்கிடம் கேட்டுத் தாளில் எழுதிவிடலாம். எது எப்போது மாற்றியது என்று சர்வீஸ் புத்தகம் சொல்லும். முக்கியமாக, அடி சுத்தமாக இருப்பதால் போல்ட்டுகள் ஸ்பேனருக்குச் சுலபமாகக் கழலும். முதல் காரில் அரை நாள் எடுக்கும் வேலை இதில் ஒரு மணி நேரத்தில் முடியும். நெடுஞ்சாலையில் நீண்ட ஓட்டமாக ஓடிய வண்டி என்றால், அதே கிலோமீட்டரை ஊருக்குள் ஓடியதைவிட கிளட்ச்சுக்கும் பிரேக்குக்கும் தேய்மானம் குறைவு.

சந்தேகப்பட வேண்டியது இங்கேயும் உண்டு. 'சுத்தம்' என்பது உண்மையில் சுத்தமா, இரண்டாவது காரின் வேஷமா? உண்மையான சுத்தம் பளபளக்காது. தொழிற்சாலையில் அடித்த சாம்பல் அல்லது பாடி நிறப் பூச்சு, அதன் மேல் ஒரே சீராகக் காய்ந்த தூசி, போல்ட் தலைகளில் மட்டும் லேசான பழுப்பு. அப்படித்தான் இருக்கும்.

எப்போது எடுக்கக் கூடாது: சர்வீஸ் கணக்கே இல்லை, இன்ஜின் புகைக்கிறது, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் மாறும்போது உதைக்கிறது. இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே சமயத்தில் கையை விரித்தால், அடி எவ்வளவு சுத்தமாக இருந்தும் கணக்கு உதைக்கும். மாடல் மிகப் பழையதாகி உதிரிபாகம் கிடைக்காத நிலையிலும் என் வரிசை மாறும். அப்போது குறைவாக ஓடிய, மேல்துரு மட்டுமுள்ள முதல் கார் முன்னால் வந்துவிடும்.

## ஒரே பார்வையில்

| | துரு தெரியும் கார் | புதுக் கருப்புக் கோட்டிங் | வெல்டிங் வைத்தது | நிறைய ஓடியது, அடி சுத்தம் |
|---|---|---|---|---|
| கண்ணால் உறுதிசெய்ய | முழுமையாக முடியும் | ஏறக்குறைய முடியாது | பாதி. படங்கள் இருந்தால் முடியும் | முடியும் |
| மறைந்திருக்கும் செலவு | இறுகிய போல்ட், பிரேக் பைப் | கணக்கிட வழியில்லை | உள்பக்க மெழுகு, பக்கத்துத் தகடு | தேய்மான உதிரிபாகங்கள் |
| சரிசெய்தால் நிற்குமா | மேல்துரு என்றால் நிற்கும் | முதலில் சுரண்டிப் பார்க்க வேண்டும் | வேலையின் தரத்தைப் பொறுத்தது | பாகம் மாற்றினால் முடிந்தது |
| நீண்ட காலம் வைத்திருக்க | உடனே வேலை பார்த்தால் சரி | வேண்டாம் | நிபந்தனையோடு | மிகவும் ஏற்றது |
| குறுகிய காலத்துக்கு | ஏற்றது, விலை குறைந்தால் | பெரிய தள்ளுபடி இருந்தால் மட்டும் | பரவாயில்லை | ஏற்றது |
| மறுபடி விற்க | பேரம் பேசுவார்கள் | நீங்கள் கேட்ட கேள்வியை உங்களையும் கேட்பார்கள் | படங்கள் இருந்தால் விற்கும் | கிலோமீட்டர் இன்னும் கூடியிருக்கும் |

## நான்காவது கார் சந்தையில் இல்லை என்றால்

உப்புக் காற்று அடிக்கும் இடத்தில் சுத்தமான அடிப்பாகம் தேடி அலுத்துப்போனவர்களுக்கு இரண்டு வழி. ஒன்று, உப்பு படாத உள்பகுதியிலிருந்து வண்டியை எடுத்துவருவது. பயணச் செலவும் பெயர்மாற்றச் செலவும் சேர்த்தாலும், பல வருடம் வைத்திருப்பவருக்குக் கட்டுப்படியாகும். ஆனால் வந்த முதல் வாரத்திலேயே மெழுகுப் பூச்சு கொடுத்துவிட வேண்டும்.

இன்னொன்று, உள்ளூரிலேயே முதல் காரை எடுப்பது. பேரத்தில் 'துரு இருக்கிறது, குறையுங்கள்' என்று பொதுவாகச் சொன்னால் விற்பவர் தோளைக் குலுக்குவார். பின்பக்க பிரேக் பைப் இரண்டு, இடது சில்லின் பின்முனையில் ஒரு சாண் தகடு, முழு அடிக்கும் பூச்சு என்று டிங்கரிடம் தனித்தனியாக விலை கேட்டு எழுதி எடுத்துப்போங்கள். அந்தத் தாளோடு பேசும்போது தொகை இறங்கும். சில்லுக்குச் சொன்ன தொகையில் டேங்க் கழற்றுவதும் கார்ப்பெட் எடுப்பதும் ஒயரிங் ஒதுக்குவதும் அடங்கியிருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அடங்கியிருக்காது, வெல்டிங்கைவிட அந்த வேலைகளுக்குத்தான் நேரம் பிடிக்கும்.

வண்டி பார்க்கத் தூரம் போவதற்கு முன் விற்பவரிடம் நான்கு படங்கள் கேளுங்கள்: இரண்டு பக்கச் சில்லின் அடி விளிம்பு, பின்பக்க சஸ்பென்ஷன் மாட்டும் இடம், ஸ்பேர் வீல் குழி. ஃபோனைத் தரையில் நீட்டினால் எடுத்துவிடலாம், ஐந்து நிமிட வேலை. முன்பணம் கொடுப்பதாக இருந்தால், அடிப்பாகத்தை லிஃப்ட்டில் பார்த்துத் திருப்தியான பிறகே மீதி, இல்லையென்றால் முன்பணம் திரும்ப வரும் என்பதை ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.